அக்கரையில் நின்றவர்கள்
(திருச்சிராப்பள்ளி – திருவரங்கம் வழிநடை வரலாறு)

காவிரியும் கொள்ளிடமும் தழுவி நிற்கும் திருவரங்கத்திற்கும், தென்கரையில் உயர்ந்தோங்கும் திருச்சிராப்பள்ளிக் குன்றிற்கும் வந்து சென்றோர் பலர். மன்னர்கள் வந்தமையைக் கல்வெட்டுகள் சொல்லும். படைகள் வந்தமையை வரலாற்று நூல்கள் சொல்லும். கையில் பொருளின்றிக் கால்நடையாக வந்தோரைப் பற்றிச் சொல்லுவன இலக்கியமும் வழிவழிக் கதைகளுமே ஆகும். அவ்வெளிய வழிநடையர்க்கு இத்தலங்கள் எவ்வாறு இடமளித்தன, எங்கே தடுத்து நிறுத்தின என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிலம்பின் வழிநடையர்

புகாரிலிருந்து மதுரைக்குப் புறப்பட்ட கோவலனும் கண்ணகியும் சமணத் துறவி கவுந்தியடிகளுடன் நடக்கின்றனர். அடிகளின் உடைமையெல்லாம் கடிஞை என்னும் பிச்சைப் பாத்திரமும், தோளில் தொங்கும் அறுவையும், மயிற்பீலியுமே. மெல்லடிக் கண்ணகியின் பொருட்டு நாளொன்றுக்கு ஒரு காவதத்திற்கு மேல் அவர்கள் நடப்பதில்லை. திருவரங்கத்துச் சோலையில் சாரணரைக் கண்டு, ஓடமேறித் தென்கரை அடைந்து, உறையூரில் அருகன் கோட்டத்தை வணங்கித் தங்குகின்றனர். அரங்கத்து ஆற்றிடைக்குறையில் சமணச் சாரணர் அறம் உரைத்தனர் என்று இளங்கோவடிகள் பாடுவது, ஒரே மண் பல சமயத்தார்க்கும் வழித்தங்கலாக விளங்கிய நிலையைக் காட்டுகிறது.

உறையூரைக் கடந்தபின் அவர்கள் சந்திக்கும் மாங்காட்டு மறையவன் நம் கவனத்திற்கு உரியவன். குடமலை நாட்டினனாகிய அவன், அரங்கத்தில் திருமால் கிடந்த கோலத்தையும் வேங்கடத்தில் நின்ற கோலத்தையும் காணும் வேட்கையால் வீடு விட்டு வந்தவன். மதுரைக்குச் செல்லும் வழி கொடும்பைக் குளக்கரையில் மூன்றாகப் பிரிவதையும், ஒவ்வொரு வழியின் நன்மை தீமைகளையும் அவன் விரித்துரைக்கிறான். தான் கேட்டும் நடந்தும் அறிந்ததைப் பின்வருவோர்க்குக் கைம்மாறு கருதாமல் சொல்வதே வழிநடையரின் அறம் என்பதற்கு அவன் சான்றாகிறான்.

குன்றும் வெள்ளமும்

திருச்சிராப்பள்ளிக் குன்றில் சமண முனிவர் துயின்ற கற்படுக்கைகள் உள்ளன; அவை வாடகையற்ற இல்லங்கள். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் அதே குன்றில் குடைவரைக் கோயில் எடுத்துக் கங்காதரர் சிற்பம் அமைத்தான். நடுவில் தாயுமானவர் கோயிலும், நானூறுக்கும் மேற்பட்ட படிகளின் முடிவில் உச்சிப்பிள்ளையாரும் அமைந்துள்ளனர்.

தாயுமானவர் கதையே ஒரு வழிநடைக் கதைதான். பேறுகாலத்து மகளுக்குத் துணையாகப் புறப்பட்ட தாய், காவிரி வெள்ளத்தால் அக்கரையிலேயே நின்றுவிடுகிறாள். இறைவனே தாயுருவில் வந்து மகளுக்கு உதவினான் என்பது தலபுராணம். ஆற்றைக் கடக்க இயலாதவளின் தவிப்பைத் தன் பெயருக்குள்ளேயே தாங்கி நிற்கும் தெய்வம் இது.

பாணர் நின்ற கரை

வெள்ளத்தால் நின்றவள் அத்தாய்; பிறப்பால் நிறுத்தப்பட்டவர் திருப்பாணாழ்வார். உறையூர்ப் பாணர் குடியில் வளர்ந்த அவர், அரங்கத்து மண்ணை மிதிக்கத் துணியாது தென்கரையில் யாழுடன் நின்று பாடினார் என்று குருபரம்பரை நூல்கள் கூறும். நீர்மொள்ள வந்த லோகசாரங்க முனிவர் எறிந்த கல்லால் அவர் நெற்றியில் குருதி பெருகியது. பின்னர் அரங்கன் ஆணையால் அம்முனிவரே அவரைத் தோளில் சுமந்து கோயிலுக்குள் சென்றார். ‘முனிவாகனர்’ என்னும் பெயர் இதனால் வந்தது. பத்துப் பாடல்களாலாகிய அமலனாதிபிரான் அங்கே பிறந்தது.

இக்கதையைப் போற்றும் நாம் அதன் மறுபக்கத்தையும் காணல் வேண்டும். பாணர் உள்ளே சென்றார்; அரங்கனுடன் ஒன்றினார். ஆயின் அவர் குடியினரை ஒத்தோர் பல நூற்றாண்டுகள் வெளியிலேயே நின்றனர். அவர்கட்குக் கதவு திறக்க 1939, 1947 ஆகிய ஆண்டுகளின் ஆலய நுழைவுச் சட்டங்கள் தேவைப்பட்டன. ஒருவரைத் தோளில் சுமந்த சமுதாயம், ஏனையோர்க்குப் படியைக் கூடத் தரவில்லை.

அரங்கனே வழிப்போக்கன்

1323இல் தில்லிப் படையெடுப்பு நிகழ்ந்தபோது பிள்ளை உலகாசிரியர் அழகிய மணவாளரின் திருமேனியை எடுத்துக்கொண்டு வெளியேறினார். மதுரையை அடுத்த சோதிக்குடியில் அவர் மறைந்தார். ஊர் ஊராக அலைந்து திருமலையில் தங்கிய திருமேனி, 1371இல் விசயநகரத் தளபதி கோபணாரியரால் அரங்கம் மீண்டது என்பர். ஏறத்தாழ அரை நூற்றாண்டு, ஏழு திருச்சுற்றுகளின் தலைவன் தங்க இடம் தேடிய வழிப்போக்கனாக இருந்தான்.

வந்தோரை ஏற்ற ஊர்

மேற்கிலிருந்து வந்த துறவி நத்தர்வலியின் தர்காவும், செருமானிய நாட்டுச் சுவார்ட்சு பாதிரியார் 1766இல் கட்டிய கிறித்து ஆலயமும் குன்றின் நிழலுக்கு அணித்தே உள்ளன. இருவரும் வழிநடையராய் வந்து இவ்வூராரானவர்களே. வழிப்போக்கர்க்கு நிழலளித்த அறச்சாலைகளின் நினைவு இன்றும் ‘சத்திரம்’ பேருந்து நிலையத்தின் பெயரில் வாழ்கிறது. 2012இல் திருவரங்கத்தில் தொடங்கப்பெற்ற நாள் முழுதும் அன்னதானம் அம்மரபின் தொடர்ச்சி எனலாம்.

இன்று தோளில் பையுடன், சிக்கனச் செலவில், தொலைநாட்டு இளைஞர்கள் இத்தலங்களுக்கு வருகின்றனர். 1987இல் நிறைவுற்ற பதின்மூன்று நிலை, 236 அடி இராசகோபுரம் அவர்களையும் உள்ளே விடுகிறது. எனினும் பிற சமயத்தார் ஓர் எல்லைக்கு அப்பால் செல்லுதல் இயலாது. அது மரபென்பார் உளர். மாற வேண்டுமென்பாரும் உளர். எவ்வாறாயினும், அவ்வெல்லையில் நின்று உள்நோக்கும் ஒருவரைக் காணும்போது, தென்கரையில் யாழேந்தி நின்ற பாணரை நினைத்துக்கொள்ளுதல் தமிழர்க்குக் கடனாகும்.