தாழ்பாலங்களும் இரட்டைத்தட்டு பஸ் வண்டிகளும்: பிரித்தானியப் போக்குவரத்து வரலாற்றில் ஒரு நோக்கு

இலங்கையின் பஸ் சேவைகள் 1958ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி தேசிய மயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோற்றம் பெற்றது. அதனையடுத்து வந்த ஆண்டுகளில், இலண்டனிற் பணி முடித்த ஆர்.ரி. வகை இரட்டைத்தட்டு பஸ் வண்டிகள் நூற்றுக்கணக்கில் இந்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டன. கொழும்பு வீதிகளில் ஓடிய அவ்வண்டிகளின் உயரம் பதினாலடிக்குச் சற்று மேற்பட்டது. வண்டியின் உயரத்தை வண்டி கட்டுவோரே தீர்மானிக்கின்றனர் என நாம் எளிதாகக் கருதிவிடுகிறோம். ஆனால், அவ்வண்டிகள் பிறந்த நாட்டின் வரலாற்றை நோக்குமிடத்து, அவை ஓடவேண்டிய வீதிகளின் மேற் குறுக்கிட்ட பாலங்களும், அவை நுழையவேண்டிய சுரங்கப்பாதைகளுமே அவ்வுயரத்திற்கு எல்லை வகுத்தன என்பது புலனாகும்.

பாலம் தாழ்ந்திருந்தால் மாற்றப்பட வேண்டியது எது? பாலமா, வீதியா, வண்டியா, அன்றேல் வண்டி செல்லும் தடமா? இவ்வினாவுக்குப் பொறியியலாளர் தரும் விடை ஒன்று. வரலாறு தந்த விடை வேறொன்று. பாலமும் வீதியும் வண்டியும் யார் யாருக்கு உரியனவாயிருந்தன என்பதே பெரும்பாலும் விடையை நிர்ணயித்தது என்பது எமது துணிபு.

பிரித்தானியாவின் தாழ்பாலங்களுட் பெரும்பாலானவை புகையிரதப் பாலங்கள். 1845ஆம் ஆண்டுப் புகையிரத வாசகங்கள் ஒருங்கமைப்புச் சட்டம், வீதியின் மேற் பாலம் அமைக்கும் கம்பனிகளுக்குச் சில அளவுகளை விதித்தது. சுங்க வீதியாயின் 16 அடி உயரம் வேண்டும். பொது வண்டிப் பாதையாயின் 15 அடி போதும். இவ்வளவுகள் வைக்கோற் பாரமேற்றிய குதிரை வண்டிகளின் காலத்தில் எழுதப்பட்டவை. ஆயின் அச்சட்டத்தில் நாம் ஊன்றி நோக்கவேண்டியது உயரத்தையன்று, அகலத்தையே. பொது வண்டிப் பாதையின் மேலமைந்த வளைவுப் பாலத்தில் 15 அடி உயரம் நடுவில் 10 அடி அகலத்திற்கு இருந்தாற் போதுமானது. வளைவு தொடங்கும் ஓரங்களில் 12 அடி இருந்தாலும் சட்டம் மீறப்பட்டதாகாது. பதினாலரை அடி உயரமும் ஏழரை அடி அகலமும் கொண்ட ஒரு பஸ் வண்டி இத்தகைய வளைவின் கீழ் வீதியின் நடுவே சென்றால் தப்பிவிடும். எதிரே வரும் வண்டிக்கு இடம்விட்டு ஓரஞ் சென்றால் மேற்றட்டின் மூலை கல்லில் மோதும். காலப்போக்கில் வீதிகளுக்குப் புதிது புதிதாக மேற்பரப்பு இடப்பட்டமையால் அந்த உயரமும் அங்குலம் அங்குலமாகக் குறைந்தது.

இனி, வழியே வண்டிக்காக மாறிய ஓர் அரிய நிகழ்ச்சியை முதலில் நோக்குவோம். இலண்டன் கவுண்டிச் சபை 1906இற் கிங்ஸ்வே என்ற புதிய வீதியின் கீழ் டிறாம் சுரங்கப்பாதையொன்றைத் திறந்தது. அது ஒற்றைத்தட்டு வண்டிகளுக்கென்றே கட்டப்பட்டது. ஏனைய தடங்களில் இரட்டைத்தட்டு டிறாம்களே ஓடியமையால், இச்சுரங்கப்பாதைக்கெனத் தனி வண்டிகளை வைத்திருப்பது சபைக்குப் பெருஞ் சுமையாயிற்று. எனவே 1930இற் பாதை மூடப்பட்டு, தளம் ஆழமாக வெட்டப்பட்டு, 1931 ஜனவரியில் இரட்டைத்தட்டு வண்டிகளுக்குத் திறக்கப்பட்டது. சுரங்கமும் தண்டவாளமும் வண்டிகளும் ஒரே சபையின் உடைமை. தோண்டும் செலவை ஏற்றவரே அதன் ஊதியத்தையும் பெற்றார்.

அதே சபைதான் தேம்ஸ் ஆற்றின் கீழ்ச் செல்லும் பிளாக்வோல் சுரங்கப்பாதையையும் கட்டியிருந்தது. 1897இற் குதிரை வண்டிகளுக்கெனத் திறக்கப்பட்ட அது வட்டக் குழாய் வடிவினது. இடையிடையே வளைவுகளும் உண்டு. அதனுள் ஓடிய பஸ் வண்டிகளோ சபைக்கு உரியனவல்ல. முதலில் இலண்டன் ஜெனரல் ஒம்னிபஸ் கம்பனிக்கும், 1933இன் பின் இலண்டன் பயணிகள் போக்குவரத்துச் சபைக்கும் உரியன. எனவே இங்கே சுரங்கம் மாறவில்லை, வண்டி மாறிற்று. மேற்றட்டுக்குக் கூரையிட மாநகரப் பொலிசார் 1920களின் நடுப்பகுதியிலேயே இசைந்தனர். அதன்பின், குழாயின் வளைவுக்கேற்ப வளைந்த கூரையுடைய தனி வண்டிகள் பிளாக்வோல் தடத்திற்கெனக் கட்டப்பட்டன. 1937இல் எஸ்.ரி.எல். வகையிலும் இத்தகைய வண்டிகள் வந்தன. ஓரக்கல்லில் உரசினாலுஞ் சிதையாதவாறு அவற்றின் சக்கர றப்பர்களின் பக்கங்கள் தடிப்பாக்கப்பட்டிருந்தன. ஒரு தடத்தின் குறுக்குவெட்டு முகமே வண்டியின் வடிவமாயிற்று எனலாம்.

நகரங்களுக்கு வெளியே நிலைமை வேறு. அங்கு ஒரு கம்பனியின் தடங்கள் பல பாலங்களின் கீழ்ச் செல்லும். பாலத்துக்கொரு வண்டி கட்டுதல் இயலாது. இதற்கு 1927இல் லேலண்ட் கம்பனியின் ரைட்டன் வண்டி ஒரு பொது விடை தந்தது. றக்கம் என்னும் பொறியியலாளர் வடிவமைத்த இவ்வண்டியின் உயரம் ஏறத்தாழ 13 அடியே. மேற்றட்டின் நடைவழியை நடுவில் வையாது, சாரதியின் பக்கமாக ஒதுக்கித் தளத்தினின்றும் தாழ்த்திப் பதித்ததே இதன் உத்தி. நடப்பவர் பள்ளத்தில் நடப்பார். இருப்பவர் நால்வர் அமரும் நீண்ட ஆசனத்தில் இருப்பார். கூரை ஏறத்தாழ ஓரடி தாழும்.

அந்த ஓரடியை யார் கொடுத்தனர் என்பதே இங்கு கேட்கத்தக்கது. நால்வர் ஆசனத்தின் உட்கோடியில் யன்னலோரம் இருப்பவர் இறங்கவேண்டின் ஏனைய மூவரும் எழவேண்டும். நடத்துநர் பள்ளத்தில் நின்றவாறு மூவரின் முழங்கால்களுக்கு மேலாக எட்டிக் காசு வாங்கிச் சீட்டுக் கொடுப்பார். மேலே பதித்த நடைவழியின் அடிப்புறமோ கீழ்த்தட்டின் ஒரு பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பக்கத்தில் இருந்து எழுந்தவர் தலையில் அடிபடாது தப்புவது அரிது. தலையைக் கவனிக்குமாறு முன்னாசனத்தின் முதுகில் அறிவித்தல் ஒட்டியிருப்பார்கள். புகையிரதக் கம்பனி 1840களில் மிச்சப்படுத்திய செங்கல்லின் விலையை எண்பது ஆண்டுகளின் பின் பஸ் பிரயாணியின் தலை செலுத்திற்று என்று நாம் கூறின் அது மிகையாகாது.

இத்தகைய வண்டி வசதிக் குறைவானதாதலின், அதனை வேண்டிய தடத்திற்கு மட்டும் ஒதுக்குவதே தடத் திட்டமிடுவோரின் வேலையாயிற்று. இலண்டனுக்குத் தெற்கே 410ஆம் இலக்கத் தடம் ஒக்ஸ்டெட் என்னும் ஊரில் ஒரு தாழ்ந்த புகையிரதப் பாலத்தின் கீழ்ச் சென்றது. அந்த ஒரு பாலத்தின் பொருட்டு 1934இல் 12 தாழ்வண்டிகள் கட்டுவிக்கப்பட்டு கொட்ஸ்ரன் பணிமனைக்கு வழங்கப்பட்டன. பின்னர் 1950க்கும் 1952க்கும் இடையில் ஆர்.எல்.எச். வகைத் தாழ்வண்டிகள் 76 சேர்க்கப்பட்டன. ஆர்.ரி. குடும்ப வண்டிகள் ஆயிரக்கணக்கில் ஓடிய அதே இலண்டனில், இந்த 76 வண்டிகளும் சில பாலங்களின் பெயரால் மட்டுமே உயிர் வாழ்ந்தன. அவற்றுட் கடைசியானவை 1971இற் சேவையினின்றும் நீங்கின.

பெவர்லி நகரின் கதையை இவ்விடத்திற் குறிப்பிடாது செல்ல மனம் வரவில்லை. யோக்சயரில் உள்ள அந்நகரின் வடவாயில் 1409இற் செங்கல்லாற் கட்டப்பட்டது. ஒரு வண்டி மட்டும் செல்லத்தக்க கூர்வளைவு வாயில். அதனை இடித்து அகலமாக்குதல் எவரும் எண்ணத்தக்க காரியமன்று. ஆகவே ஈஸ்ற் யோக்சயர் மோட்டார் கம்பனி 1934 முதலாகத் தன் வண்டிகளின் மேற்றட்டுப் பக்கங்களை உள்நோக்கிச் சாய்த்து, கூரையையும் கூர்வளைவாகவே கட்டுவித்தது. வாயிலின் நடுக்கோட்டிற் சாரதி வண்டியைச் செலுத்தினால் இருபுறமும் சொற்ப இடைவெளி விட்டு வண்டி உள்ளே நுழையும். பதினைந்தாம் நூற்றாண்டுச் சிற்பியொருவன் இருபதாம் நூற்றாண்டுப் பஸ் வண்டிக்கு வரைபடம் கொடுத்தான் என்றே சொல்லத் தோன்றுகிறது. இத்தகைய கூரையுள்ள வண்டிகள் அக்கம்பனியில் மூன்று தசாப்தங்களுக்கு மேலாக வாங்கப்பட்டன.

எமது துணிபுக்கு எதிரான ஒரு சான்றையும் மறைத்தலாகாது. 1948இற் புகையிரதங்கள் தேசிய மயமாயின. அதே ஆண்டில் ரில்லிங் குழுவின் பஸ் கம்பனிகளும், அவற்றைச் சேர்ந்த பிறிஸ்டல் தொழிற்சாலையும் பிரித்தானியப் போக்குவரத்து ஆணைக்குழுவின் கீழ் வந்தன. இப்பொழுது பாலமும் பஸ்ஸும் ஒருவருக்கே உரியன. எனினும் பாலங்கள் உயர்த்தப்படவில்லை. காரணம் வெளிப்படை. பாலத்தை ஓரடி உயர்த்தவேண்டின் இருபுறமும் நெடுந்தூரத்திற்குத் தண்டவாளத்தையும் அணைக்கட்டையும் உயர்த்தவேண்டும். வீதியைத் தாழ்த்தவேண்டின் அதன் கீழுள்ள கழிவுநீர்க் குழாய்கள் இடந்தரா, மழைநீரும் தேங்கும். ஆனால் பிறிஸ்டல் தொழிற்சாலையில் வேறொன்று நிகழ்ந்தது. 1949இல் லொடெக்கா என்னும் முன்மாதிரி வண்டி வெளிவந்தது. அதன் பின்னச்சின் நடுப்பகுதி கீழ்நோக்கித் தாழ்த்தப்பட்டு, இயந்திர வலுவைக் கொண்டுசெல்லும் தண்டு நடுவினின்றும் விலக்கப்பட்டது. ஆகவே கீழ்த்தட்டின் நடைவழியே தாழ்ந்தது. மேற்றட்டில் நடைவழி மீண்டும் நடுவுக்கு வந்தது. 1968 வரை 5,000க்கு மேற்பட்ட லொடெக்காக்கள் கட்டப்பட்டன. உடைமை ஒன்றானபோது பாலம் மாறவில்லையாயினும், பாலத்தின் சுமை பிரயாணியின் தலையினின்றும் இறங்கி வண்டியின் அச்சுக்கு மாறிற்று என்று எமது கூற்றைத் திருத்திக்கொள்கிறோம்.

வண்டியை எவ்வாறு தாழ்த்தினும் எல்லாப் பாலங்களுக்கும் அது போதாது. ஆகவே தடமே இறுதிக் காவலாகும். நாள்தோறும் ஒரே தடத்திற் செல்லும் சாரதி பாலங்களை மனப்பாடமாக அறிவார். ஆபத்து வருவது தடம் மாறும் வேளையிலும், தடமே இல்லாத பயணங்களிலுமாம். 1994 செப்ரெம்பர் 18ஆந் திகதி கிளாஸ்கோ நகரின் வெஸ்ற் வீதியில், சாரணியச் சிறுமியரை ஏற்றிவந்த இரட்டைத்தட்டு பஸ் ஒன்று தாழ்ந்த புகையிரதப் பாலத்தில் மோதியது. சிறுமியர் மூவரும் தலைவியர் இருவரும் உயிரிழந்தனர். அது அட்டவணைப்படி ஓடிய சேவையன்று. அட்டவணையில் உள்ள தடத்தை எவரோ முன்னரே அளந்து பார்த்திருப்பர். அட்டவணைக்கு வெளியே அளக்கும் பொறுப்பு முழுவதும் சாரதியின் கண்களுக்கே விடப்படுகிறது.

2025 ஏப்ரில் 7ஆந் திகதி, பிளாக்வோலுக்கு அண்மையிற் சில்வர்ரவுன் என்னும் புதிய சுரங்கப்பாதை தேம்ஸின் கீழ்த் திறக்கப்பட்டது. இலண்டனின் போக்குவரத்து அதிகாரசபை இதனை இரட்டைத்தட்டு பஸ்கள் செல்லத்தக்க உயரத்தில் அமைப்பித்தது. திறந்த நாள் முதலே அவை அதனூடாக ஓடுகின்றன. பழைய பிளாக்வோல் குழாயினூடாகச் செல்லும் 108ஆம் இலக்கத் தடத்தில் இன்றும் ஒற்றைத்தட்டு வண்டிகளே ஓடுகின்றன.