செல்போன் தடையும் 2 ஜிபி டேட்டாவும்

2005ல அண்ணா பல்கலைக்கழகம் தன்னோட இணைப்புல இருந்த பொறியியல் கல்லூரிகளுக்கு ஒரு கட்டுப்பாடு போட்டது. ஜீன்ஸ் கூடாது, டி-ஷர்ட் கூடாது, செல்போன் கூடாது. ஏறக்குறைய பதினஞ்சு வருஷம் கழிச்சு, 2021 ஜனவரியில, தமிழக அரசு 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு தினம் 2 ஜிபி இலவச டேட்டான்னு அறிவிச்சது. பிடுங்கி வைக்க வேண்டிய பொருளா இருந்தது, அரசாங்கமே ரீசார்ஜ் பண்ணிக் கொடுக்கற பொருளா எப்படி ஆச்சு? அதைத்தான் இங்கே கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம்னு இருக்கேன்.

இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31ல். மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமைக் கூப்பிட்டார். அப்போ நமக்கு வர்ற அழைப்புக்கும் நாமதான் காசு கொடுக்கணும். மாணவர்கள் அந்தப் பக்கம் தலைவெச்சுக்கூட படுக்க முடியாது. ஹாஸ்டல் பையனுக்கு வீட்டோட தொடர்புன்னா எஸ்.டி.டி. பூத்தும், பெட்டிக்கடை வாசல்ல தொங்கின ஒரு ரூபாய் காயின் பாக்ஸும்தான். ராத்திரி கட்டணம் குறையட்டும்னு காத்திருந்து பூத் வாசல்ல வரிசை நின்ன கதையெல்லாம் என் பெரியப்பா பையன் சொல்லிக் கேட்டிருக்கேன். அண்ணன் மெக்கானிக்கல், 2003ல உள்ளே போன பேட்ச்.

அந்த 2003தான் திருப்புமுனை. 2002 டிசம்பர் கடைசியில ரிலையன்ஸ் இன்ஃபோகாம் வந்தது. 2003 ஜூலையில 501 ரூபாய் கட்டினா கைல போன்னு சொன்னாங்க. அதே வருஷம் மே மாசம் இன்கமிங் இலவசமாச்சு. டார்ச் லைட்டோட நோக்கியா 1100 வந்ததும் அதே வருஷம்தான். இதுல பெரிய விஷயம் எதுன்னு கேட்டா நான் இன்கமிங்கைத்தான் சொல்லுவேன். இன்கமிங் இலவசம்னா மிஸ்டு கால் இலவசம்! கைல பத்து பைசா பேலன்ஸ் இல்லாதவனும் ஒரு ரிங் விட்டு கட் பண்ணினா, வீட்ல இருந்து கூப்பிடுவாங்க. ஒரு ரிங்னா 'சாப்டாச்சு', ரெண்டு ரிங்னா 'பஸ் ஏறியாச்சு'ன்னு ஒவ்வொரு வீட்லயும் ஒரு சங்கேத மொழி இருந்தது.

ஆக, சாதாரண வீட்டுப் பிள்ளை கைக்கு போன் வந்து ரெண்டே வருஷத்துல தடை. காரணமே இல்லாம போட்டாங்கன்னு சொல்ல மாட்டேன். 2004 கடைசியில டெல்லி பள்ளி மாணவர்கள் சம்பந்தப்பட்ட எம்எம்எஸ் விவகாரம் நாடு பூரா பேசப்பட்டு, கேமரா போன்னாலே பெத்தவங்க பயந்த காலம் அது. ஆனா நடைமுறையில என்ன ஆச்சு? பல தனியார் கல்லூரிகள் இந்த விதியை கெட்டியா பிடிச்சுக்கிட்டாங்க, முக்கியமா லேடீஸ் ஹாஸ்டல்ல. நான் சேர்ந்தது 2014ல. அப்பவும் எங்க கல்லூரியில (பேர் வேண்டாமே) வகுப்புல போன் சிக்கினா ஃபைன் உண்டு, செமஸ்டர் முடிஞ்சு அப்பா வந்து கையெழுத்துப் போட்டாத்தான் திரும்பக் கிடைக்கும். பசங்க லேப் கோட் பாக்கெட், கால்குலேட்டர் கவர்னு ஒளிக்காத இடம் இல்லை.

இதுல ஒரு வேடிக்கை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எத்தனை பொறியியல் கல்லூரி இருக்குன்னு உங்களுக்கே தெரியும். அங்கேயே 2006ல நோக்கியா தொழிற்சாலை ஓட ஆரம்பிச்சது. ஆயிரக்கணக்குல இளம் பெண்கள், வெளி மாவட்டங்கள்ல இருந்து வந்து தங்கி, ஷிஃப்ட் போட்டு போன் தயாரிச்சாங்க. கல்லூரிப் பிள்ளைகளுக்கும் அவங்களுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு. இந்தப் பக்கம் காம்பவுண்டுக்குள்ள போன் வெச்சிருந்தா தண்டனை, அந்தப் பக்கம் அதைச் செய்யறதுக்கு சம்பளம் :-) அந்த ஆலை 2014 நவம்பர் 1ல மூடப்பட்டது. அந்தப் பெண்கள்ல பலருக்கு அடுத்த வேலை சுலபமா கிடைக்கலைங்கறது தனிக்கதை.

எஸ்எம்எஸ் பத்தி சொல்லாம விட்டா இந்த வரலாறு முழுசாகாது. ஒரு எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும், அதனால 160 எழுத்து. தமிழுக்கு யுனிகோடில் 16 பிட் வேணும், அதனால 70தான். அதுலயும் கொம்பும் புள்ளியும் தனித்தனியா எண்ணப்படும். 'தமிழ்'னு எழுதினா கண்ணுக்கு மூணு எழுத்து, போனுக்கு அஞ்சு. நீளமா எழுதினா ஒரு செய்தி ரெண்டு மூணா உடைஞ்சு அத்தனைக்கும் காசு போகும். போதாததுக்கு பாதி போன்ல தமிழ் வெறும் கட்டம் கட்டமாத்தான் தெரியும். நம்ம பசங்க தமிழை ஆங்கில எழுத்துல எழுதப் பழகினது மொழிப்பற்று இல்லாததாலன்னு மேடையில பேசறவங்க இந்தக் கணக்கையும் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம்.

2011 செப்டம்பர் 27ல டிராய் ஒரு நாளைக்கு நூறு எஸ்எம்எஸ்தான்னு வரம்பு வெச்சது. விளம்பரத் தொல்லையைத் தடுக்கத்தான். ஆனா அடிபட்டது மெசேஜ் பேக் போட்டு விடிய விடிய கடலை போட்ட கூட்டம் :-) நவம்பர்ல இருநூறாக்கினாங்க. அதுக்குள்ள வாட்ஸ்அப் வந்து அந்தச் சண்டையையே தேவையில்லாம பண்ணிடுச்சு.

சரி, படிப்புக்கு வருவோம். தமிழ் மீடியத்துல பன்னிரண்டு வரைக்கும் படிச்சுட்டு முதல் செமஸ்டர்ல எஞ்சினியரிங் மேத்ஸ், பிசிக்ஸ்னு எல்லாத்தையும் ஆங்கிலத்துல கேட்கிறவனோட நிலைமை அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும். வாத்தியார் சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க சார்னு கேட்க வாய் வராது. முதல் வருஷம் முடியறதுக்குள்ள மூணு நாலு அரியர் விழுந்துடும். ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003ல தொடங்கின என்பிடெல் பாட வீடியோக்கள் நல்ல மருந்துதான். ஆனா ஒரு மணி நேர வீடியோவை எதுல பார்க்கறது? ஒரு ஜிபி டேட்டா 200 ரூபாய்க்கு மேல வித்த காலம். மெஸ் பில்லுக்கே இழுபறி. யாராவது தரவிறக்கி வெச்சிருந்தா பென் டிரைவ்ல கை மாறும், அவ்வளவுதான்.

2016 செப்டம்பர் 5ல ஜியோ வந்தது. டிசம்பர் வரைக்கும் இலவசம், பிறகு 2017 மார்ச் 31 வரைக்கும். எல்லாரும் படமும் பாட்டும் பார்த்தாங்கன்னு சொல்லுவாங்க. பார்த்தோம், இல்லைன்னு சொல்லலை. ஆனா என் அறைத் தோழன் ஒருத்தன், பெரம்பலூர் பக்கம், வீட்ல முதல் பட்டதாரி. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் வீடியோவை நிறுத்தி நிறுத்தி ஒரே இடத்தை ஏழெட்டுத் தடவை ஓட்டுவான். வகுப்புல ரெண்டாவது தடவை கேட்கக் கூச்சப்பட்டவன், போன்கிட்ட எட்டாவது தடவை கேட்டான். அந்த வருஷம் மூணு அரியரை மொத்தமா எடுத்தான். அந்தப் போனும் பகல்ல வகுப்புக்குள்ள வரக்கூடாத போன்தான்.

2018 பிப்ரவரியில இன்னொரு பாடம் கிடைச்சது. தமிழ்நாட்டுல பிறந்து வளர்ந்த ஏர்செல் திடீர்னு சிக்னல் இழந்து, மாசக் கடைசியில திவால் மனு போட்டது. ரெஸ்யூம்ல அந்த நம்பரைக் கொடுத்திருந்த கடைசி வருஷப் பசங்க, இன்டர்வியூ அழைப்பு வந்ததா இல்லையான்னே தெரியாம, நம்பரை மாத்தற போர்ட் கோடு வாங்க மொட்டை மாடி மொட்டை மாடியா ஏறினாங்க.

அப்புறம் 2020. மார்ச்ல கல்லூரிகள் மூடினதும் போனே வகுப்பறை ஆச்சு. ஜூன் 29ல 59 சீன செயலிகளுக்குத் தடை வந்தப்போ, அதுல கேம்ஸ்கேனரும் போச்சு. அசைன்மென்ட்டை படமெடுத்து அனுப்பிக்கிட்டிருந்தவங்க வேற செயலி தேடி அலைஞ்சாங்க. ஆகஸ்ட் 26ல, கட்டணம் கட்டியிருந்தா அரியர் தேர்வு ரத்து, தேர்ச்சின்னு முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவிச்சார். ஊரெல்லாம் பேனர். ஏஐசிடிஇ எதிர்த்தது, விவகாரம் உயர்நீதிமன்றத்துக்குப் போச்சு. செப்டம்பர்ல இறுதி செமஸ்டர் மாணவங்க வீட்லயிருந்தே ஆன்லைன்ல தேர்வு எழுதினாங்க. தேர்வறைக்குள்ள போன் இருந்தா மால்பிராக்டிஸ்னு எழுதி வாங்கின அதே அண்ணா பல்கலைக்கழகத்துத் தேர்வுல, இப்போ முன்னாடி கேமரா இல்லைன்னா தேர்வே இல்லை.

மலைக் கிராமங்கள்ல பிள்ளைங்க சிக்னலுக்காக மேட்டுலயும் மரத்துலயும் ஏறி உட்கார்ந்த படங்கள் பத்திரிகையில வந்தது அந்த நேரம்தான். பிறகுதான் எல்காட் மூலமா 2 ஜிபி டேட்டா கார்டு. டவரே இல்லாத ஊர்ல அந்தக் கார்டை வெச்சு என்ன பண்றதுங்கற கேள்வி அப்படியே நின்னது. திட்டமும் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைக்கும்தான். மே மாசம் இரண்டாம் அலை, முழு ஊரடங்கு. கல்லூரிகள் மறுபடி திறந்தது 2021 செப்டம்பர் 1ல. நடுவுல நாலு மாசம், ரீசார்ஜ் செலவு வழக்கம்போல அப்பா பாக்கெட்ல இருந்துதான்.