அகிலத்தின் தீர்மானமும் ஊரின் கொத்தும்

1943ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் வேர்சினியா மாநிலத்திலுள்ள ஹொட் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரிலே 44 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினர். போர் ஓயுமுன்னரே பசியற்ற உலகுக்கு வழி காண்பது அவர்தம் நோக்கம். தன் மக்களுக்கு உணவு கிடைக்கச் செய்யும் முதற்பொறுப்பு ஒவ்வொரு நாட்டையுமே சாரும் என்பது அம்மகாநாடு வகுத்த கோட்பாடுகளுள் ஒன்று. 1945 ஒக்டோபரில் உலக உணவு விவசாய நிறுவனம் தோன்றியது இம்மகாநாட்டின் பயனாகவேயாம். ஆனால் உணவைப் பொறுத்தவரை நாடு என்பது யார்? அமைச்சரோ, ஊர்ச் சங்கமோ, ஏர் பிடிப்பவனோ? இலங்கையின் அனுபவம் இவ்வினாவைத் தெளிவாக எழுப்புகின்றது.

போருக்கு முன்னர் இலங்கை தனக்கு வேண்டிய அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினை வெளிநாடுகளிலிருந்தே, சிறப்பாகப் பர்மாவிலிருந்தே, பெற்றுவந்தது. 1942 மார்ச்சில் இரங்கூன் யப்பானியர் வசமாயிற்று. நேசநாடுகளின் உணவுப் பங்கீடு உவாசிங்டனில் அமைந்த கூட்டு உணவுச் சபையின் கைக்கு மாறியது. இலங்கையர் உலையிலிடும் அரிசியின் அளவு அவர் கண்டறியாத மேசையொன்றிலே தீர்மானிக்கப்படும் நிலை தோன்றிற்று. கோதுமை மா இந்நாட்டு அடுப்பங்கரையில் வேரூன்றியதும் அக்காலத்திலேதான்.

வந்த அரிசியை வீடுதோறும் சேர்ப்பித்தது யார்? கூப்பன் முறை 1942இல் நடைமுறைக்கு வந்தபோது, அதுகாறும் பெரும்பாலும் கடன் வழங்குவதிலேயே ஈடுபட்டிருந்த கூட்டுறவு இயக்கம் பண்டகசாலைத் தொழிலில் இறங்கியது. சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான சங்கக் கடைகள் எழுந்தன. அங்கத்தவர் கூடித் தெரிந்த குழு கடையை நடத்திற்று. நிறை குறைந்தால் அயலவரே கேட்பர், கேட்கவும் உரிமையிருந்தது. எனினும் எவ்வளவு கொடுப்பது, என்ன விலைக்குக் கொடுப்பது என்பவற்றில் ஊருக்கு யாதொரு குரலும் இருந்ததில்லை. இக்குறையின் விளைவு 1953இல் வெளிப்பட்டது.

கொரிய யுத்தகால இறப்பர் வருவாய் வீழ்ந்தது. உலகச் சந்தையில் அரிசி விலையோ உயர்ந்து நின்றது. 1951இல் இங்கு வந்த உலக வங்கித் தூதுக்குழுவும் உணவு மானியத்தைக் குறைக்குமாறு கூறியிருந்தது. 1953 யூலையில் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனா கூப்பன் அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. திறைசேரியின் பேரேட்டளவில் அக்கணக்குப் பிழையென்று கூறுதல் அரிது. ஆயினும் கொத்துக்கு 45 சதம் ஏறினால் ஏழைக் குடும்பமொன்று எதைக் கைவிடும் என்பதைச் சங்கக் கடைக்காரர் அறிவார். அவரைக் கேட்டறியும் வழி ஆட்சியமைப்பில் இருக்கவில்லை. ஆகஸ்டு 12ஆம் திகதி ஹர்த்தால் எழுந்தது, உயிர்களும் பலியாயின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலொன்றிலே கூடிற்று. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார்.

உண்பவனுக்கு மறுக்கப்பட்ட குரலை உழுபவனுக்கேனும் அளிக்க முயன்றது, பிலிப் குணவர்த்தனா கொண்டுவந்த 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம். விதானைமார் பார்த்துவந்த நீர்ப்பங்கீடு முதலிய கடமைகள் பயிர்ச்செய்கைக் குழுக்களுக்கு மாறின. அக்குழுக்களைப் பயிர்செய்வோரே தெரிந்தனர். நோக்கம் உயர்ந்ததே. ஆனால் நிலவுடைமையாளரின் எதிர்ப்பும், சட்டத்திலிருந்த ஓட்டைகளும், கையிற் பணமின்மையும் அவற்றைத் தளரச் செய்தன. பொறுப்பைக் கொடுத்தவர்கள் பொருளைக் கொடுக்கவில்லை. பின்வந்த அரசாங்கங்களின் கீழ் அக்குழுக்கள் மறைந்தொழிந்தன.

1974இல் உரோமாபுரியிற் கூடிய உலக உணவு மகாநாடு, பத்தாண்டுகளில் எக்குழந்தையும் பசியுடன் உறங்கலாகாது என்று இலக்கு வகுத்தது. அவ்விலக்குக்குரிய காலம் பாதியளவு கழிந்திருந்த 1979இலே இலங்கையில் கூப்பன் அரிசி நீங்கி, உணவு முத்திரை வந்தது. கூப்பனில் எழுதியிருந்தது அரிசியின் அளவு. முத்திரையில் எழுதியிருந்ததோ உரூபாவின் தொகை. விலைவாசி ஏற ஏற, அத்தொகைக்குக் கிடைத்த அரிசி ஆண்டுதோறும் குறைந்துகொண்டே சென்றது.