ஏரி வைத்திருக்கும் கணக்கு

1863-இல் லெவிஞ்ச் துரை உருவாக்கிய கொடைக்கானல் ஏரிக்கும் பாதரசத்துக்கும் என்ன தொடர்பு? அங்கே 1983-இல் தொடங்கிய பாதரச வெப்பமானி ஆலையின் கழிவு பாம்பாறு சோலைப் பக்கம்தானே சரிகிறது என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பாதரசம் பள்ளம் பார்த்து மட்டும் போவதில்லை. ஆவியாகிக் காற்றிலும் ஏறும். 2006-இல் வெளியான ஆய்வு ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் அதைக் கண்டது. ஒப்பிட எடுத்த பேரிஜம், குக்கல் ஏரிகளில் அளவு குறைவு. மீன்தான் செத்து மிதக்கவில்லையே என்பது அடுத்த வாதம். செம்போ பாதரசமோ மிகுந்தால், குஞ்சு மீனின் உடலில் உலோகத்தைப் பிடித்துக் கட்டும் புரதத்துக்கான மரபணு முடுக்கிவிடப்படுகிறது. சாவுக்கு வெகுமுன்பே தொல்லை தொடங்கிவிடும். செம்பாவது உயிருக்குச் சிறிதளவு வேண்டும். பாதரசம் துளியும் வேண்டாம். மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசக் கண்ணாடிக் கழிவு பிடிபட்ட பிறகு, 2001-இல் ஆலை மூடப்பட்டது. ஆலை நிறுவனம் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் உடன்பாடு செய்தது 2016-இல்.