கண்டிநாட்டுத் தூண்டிற்காசும் இக்கால வங்கி மோசடியும்

நாணயம் என்னுஞ் சொல் தமிழிலே காசையும் குறிக்கும்; நேர்மையையும் குறிக்கும். இவ்விரண்டும் எக்காலத்தும் ஒருங்கு நில்லாமையே பணமோசடியின் வரலாறாகும்.

கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கன் காலத்தே, 1660ஆம் ஆண்டு சிறைப்பட்டு, கண்டிக்கணித்தான எலதெத்தையிலும் வாழ்ந்து, 1679இல் தப்பிச் சென்றவர் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1681இல் வெளிவந்த தம் நூலில் அவர் இந்நாட்டுக் காசுகளை விவரித்துள்ளார். அவற்றுள் ‘பொன்னம்’ அரசனுக்கே உரியது. பிறர் அதனை அடித்தல் மரணதண்டனைக்குரிய குற்றம். மற்றொன்று தூண்டில்முள் வடிவான வெள்ளிக்காசு. அதனை அரசன் இசைவுடன் எவருஞ் செய்யலாம். விரும்பிய முத்திரையைப் பொறிக்கலாம். ஆதலின் முத்திரை எதனையும் மெய்ப்பிக்கவில்லை. ஐயந் தோன்றின் காசைத் தீயிற் பழுக்கக் காய்ச்சி நீரில் இடுவர். தூய வெண்மை தோன்றாவிடின் அது செல்லாக்காசு. பொன்னத்தைக் காத்தது தண்டனை. தூண்டிற்காசைக் காத்தது சோதனை.

1884இல் ஒறியன்ரல் வங்கிக் கூட்டுத்தாபனம் முறிந்தபின் நாணயத்தாள் வெளியிடும் பொறுப்பை அரசே ஏற்றது. மக்களும் முத்திரையை நம்பப் பழகினர். இன்றோ மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் வங்கியின் பெயரை எவரும் பொறிக்கலாம். மீன்பிடித்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைத் திரித்து இவ்வஞ்சகத்தைப் ‘பிஷிங்’ என்பர். தூண்டில் மீண்டும் வந்துள்ளது, சோதனை வந்திலது.

2016 பெப்ரவரியில் பங்களாதேச மத்திய வங்கிக்கு நேர்ந்ததை நோக்குக. வேலை கோரும் விண்ணப்பம் போன்ற மின்னஞ்சல்களால் வங்கியின் கணினிகளுட் புகுந்த கள்வர், அதன் பெயராற் பொய்க்கட்டளைகளை நியூயோர்க்குக்கு அனுப்பினர். 8 கோடி 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்சுக்குச் சென்றது. இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டொலரோ தப்பியது. பெறுநரின் பெயரில் ஓர் எழுத்துப்பிழை கண்டு ஐயுற்ற இடைவங்கி விளக்கம் வினவியதே காரணம். ஒரு வினா அத்துணைப் பொருளைக் காத்தது.

நம் நாட்டிலே 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கக் கொடுப்பனவுச் சாதன மோசடிகள் சட்டமும், 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டமும் உள்ளன. எனினும், சட்டம் பெரும்பாலும் பொருள் போனபின்னரே வரும். எனவே செய்தியிலுள்ள இணைப்பைத் தொடாதொழிக. ஒருமுறைக் கடவுச்சொல்லை எவர் கேட்பினும் கூறற்க. அட்டையின் பின்புறத்துள்ள தொலைபேசி இலக்கத்தை அழைத்தோ, கிளைக்கு நேரிற் சென்றோ வினவுக. வந்த வழியால் விடை கூறாது வேறு வழியால் வினவுதலே இக்காலத்துக்குரிய தீச்சோதனை. அன்றைய கண்டிமக்கள் அதனைச் செய்தற்கு நாணினாரல்லர். நாமும் நாண வேண்டுவதில்லை.