தரத்துக்கான செலவை அளப்பது எப்படி?

நாயாற்றுப் பாலத்தைப் பேருந்தில் கடக்கும் எனக்கு, பிரேக்கின் தரம் உயிர்ப் பிரச்சினை. அதைத் தயாரிக்கும் தொழிற்சாலைக்கு அது கணக்கும்கூட. 1956 இல் அமெரிக்கரான ஆர்மண்ட் ஃபைகன்பாம் தரச் செலவைத் தடுப்பு, பரிசோதனை, தோல்வி என மூன்றாகப் பிரித்தார்.

பயிற்சியும் நல்ல வடிவமைப்பும் தடுப்பு. அளந்து பார்ப்பது பரிசோதனை. தோல்வி இருவகை: ஆலைக்குள் கழிவும் மறுவேலையும்; விற்றபின் உத்தரவாதப் பழுதும் வாகனங்களைத் திரும்பப் பெறுவதும்.

முதலிரண்டில் மிச்சம் பிடித்தால் தோல்விச் செலவு பெருகும். குறைபாடான காற்றுப் பைகளால் ஜப்பானின் தகாட்டா 2017 இல் திவாலானது. தரத்தை முறையாகப் பேணிய சென்னையின் சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு 1998 இல் டெமிங் விருது பெற்றது.

இந்தக் கணக்கில் இழப்பீட்டை எழுதலாம். போன உயிரை எழுத முடியாது. தடுப்பில் குறைக்கும் பணம் இலாபமல்ல, பயணியின் தலையில் ஏற்றும் கடன்.