காட்டுமிராண்டி யார்?

1857 இல் ஆர். எம். பலன்ரைன் எழுதிய ‘பவளத்தீவு’ என்னும் ஆங்கில நாவலில், பசிபிக் தீவொன்றில் ஒதுங்கிய மூன்று ஆங்கிலச் சிறுவர் ஒழுக்கம் குன்றாது வாழ்கின்றனர். கடற்கொள்ளையரை நீக்கிப் பார்த்தால், காட்டுமிராண்டித்தனம் அங்கே மதம்மாறாத தீவு மக்களுக்கே உரியது. சாம்ராச்சியத்துக்கு வேண்டியிருந்த நம்பிக்கை அது.

1954 இல் வில்லியம் கோல்டிங், ‘ஈக்களின் தலைவன்’ என்னும் உருவக நாவலில் அந்நம்பிக்கையைத் தலைகீழாக்கினார். றால்ஃப், ஜாக் என்னும் பழைய பெயர்களையே எடுத்தாண்டார். 1944 இல் நோர்மண்டித் தரையிறக்கத்திற் பங்குகொண்ட கடற்படை அதிகாரி அவர், பள்ளி ஆசிரியருங்கூட. சங்கொலி கேட்டுக் கூடிய சபை சிதைகிறது; தேவாலயப் பாடகர் குழு வேட்டைக் கூட்டமாகிறது; சிறுவர் இருவரைச் சிறுவரே கொல்கின்றனர். மீட்க வரும் அதிகாரியும் போர்க்கப்பலிலேதான் வருகிறார்.

இத்துணிவை நாம் மதிக்கிறோம். ஆயின் தீமை மனித இயல்பிலேயே ஊறியது என்னும் அவர் முடிவை ஏற்பதற்கில்லை. கறுப்பு மேலங்கியணிந்து, தலைவனின் கட்டளைக்கு அணிவகுத்து வரும் அப்பாடகர் குழு அப்பணிவை எங்கே கற்றது? இக்கேள்வியை நாவல் தொடரவில்லை.

1965 இல் பசிபிக்கின் தொங்கா நாட்டு மாணவர் அறுவர், பலன்ரைன் இழித்தெழுதிய தீவுலகின் பிள்ளைகள், படகு திசைமாறி ஆட்டா என்னும் ஆளற்ற தீவில் ஒதுங்கினர். பதினைந்து மாதங்கள் முறைவைத்து உழைத்தனர். மூட்டிய தீயை அணையாது காத்தனர். ஒருவனது கால் முறிந்தபோது ஏனையோர் கட்டுப்போட்டுக் குணப்படுத்தினர். 1966 இல் கப்பலொன்று அவர்களைக் கண்டபோது அறுவரும் நலமாயிருந்தனர்.